பறவை காட்டும் தொழில்

மாம்பழத்துக்காகக் கிருஷ்ணகிரிச் சீமையை அறிந்தவர்கள் நாடெங்கும் உண்டு. ஓசூரின் தொழிற்சாலைகளை முன்னிட்டு அதை அறிந்தவர்கள் இப்போது அவர்களினும் அதிகம். ஆனால் போச்சம்பள்ளி வட்டத்து நாகரசம்பட்டியிலிருந்து பாரூர் ஏரிப் பக்கமாக ஒரு மார்கழிக் காலையில் நடந்து செல்பவர், மாந்தோப்பும் நெல்வயலும் கரும்பாறைக் குன்றும் ஏரிநீரும் அடுத்தடுத்து வருகிற அந்தச் சிறிய பிரதேசத்துக்குள்ளேயே, தோப்பில் வாழும் பட்சிகளையும், வயலில் மேயும் பட்சிகளையும், பாறையிடுக்கில் ஒடுங்கியிருக்கும் பட்சிகளையும், இமயத்துக்கு அப்பாலிருந்து வந்து நீரோரம் இறங்கும் பட்சிகளையும் ஒருங்கே காணக்கூடும் என்பதை அறிந்தவர்கள் மிகச் சிலரே. அந்தச் சிலரிலும் பெரும்பாலோர் பட்சி சாஸ்திரம் படித்தவர்கள் அல்லர். ஆடு மேய்ப்பவரும், ஏரியில் வலை வீசுபவரும், காய்ப்புக் காலத்தில் தோப்புக் காவலுக்கு இரவில் தங்குபவரும், ஒரு காலத்தில் கண்ணி வைத்துக் கௌதாரியும் காடையும் பிடித்தவருமே அவர்கள்.

இவர்களுடைய அறிவு ஏட்டில் ஏறாதது, ஊதியமும் பெறாதது. ஆள்காட்டி எந்தத் தரிசில் முட்டையிடும், மழை ஓய்ந்த பின் நத்தைகுத்தி நாரைகள் ஏரியின் எந்த மூலையில் கூடும், கொம்பன் ஆந்தை எந்தப் பாறையின் நிழலில் பகலைக் கழிக்கும் என்பன போன்ற விஷயங்களை அவர்களிடம் யாரும் விலை கொடுத்துக் கேட்பதில்லை. உலகத்தின் வேறு சில பாகங்களிலோ, இதே விதமான அறிவு ஒரு கௌரவமான ஜீவனோபாயமாக மாறி, அந்த மாற்றத்தினால் பறவைகளும் பிழைத்து ஊரும் பிழைத்திருக்கிறது. பறவை காட்டும் அந்தத் தொழிலைப் பற்றியும், அது நம் பக்கத்துக்கு எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதைப் பற்றியும் சற்று விஸ்தாரமாகப் பார்க்கலாம்.

அத்தொழில் செழித்து நடைபெறும் இடங்களுள் முதன்மையானது வெப்பமண்டல ஆப்பிரிக்கா. ஸஃபாரி என்றவுடன் சிங்கமும் யானையும் திறந்த மோட்டார் வண்டியுமே நம் மனத்தில் எழுகின்றன; எனினும் உகாண்டா, கென்யா, தான்சானியா முதலிய தேசங்களுக்குச் செல்லும் பிரயாணிகளுள், சிங்கத்தைக் கண்டால் ஒரு நிமிஷம் நின்று பார்த்துவிட்டு மறுபடியும் மரக்கிளைகளை நோக்கித் திரும்பிவிடுகிற, பட்சிகளை மட்டுமே நாடிவந்த கூட்டம் ஒன்று உண்டு. தமிழ்நாட்டின் பரப்பைப் போல் இரு மடங்குக்குச் சற்றுக் குறைவான உகாண்டாவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பறவை வகைகள் பதிவாகியுள்ளன. இந்தியா முழுவதையும் சேர்த்தாலும் நம்மிடம் இருப்பவை ஏறக்குறைய 1,300 வகைகளே என்பதை எண்ணிப் பார்த்தால் அந்தச் செல்வத்தின் அளவு விளங்கும். பனி மூடிய சிகரமும், மழைக்காடும், புல்வெளியும், பாப்பிரஸ் கோரை அடர்ந்த சதுப்பும் ஒரே சிறு தேசத்துக்குள் நெருங்கி அமைந்திருப்பதே அதற்கு முக்கிய காரணம்.

விக்டோரியா ஏரியின் கரையில், என்டெபி நகரத்துக்குச் சமீபத்தில், மபாம்பா என்றொரு சதுப்பு நிலம் இருக்கிறது. சாம்பல் நிறமும், ஏறக்குறைய நாலடி உயரமும், மரச்செருப்பு வடிவமான பெருத்த அலகும் கொண்ட ஷூபில் என்ற அபூர்வப் பறவை அங்கே கோரைகளுக்கிடையில் மணிக்கணக்காக அசையாமல் நின்று, நுரையீரல் மீனைக் கவ்விப் பிடிப்பது வழக்கம். அதே மீனை நம்பிப் பிழைத்துவந்த செம்படவர்கள், படகில் போகும்போது இந்தப் பறவையைக் கண்டால் அன்றைக்கு வலையில் மீன் விழாது என்று நம்பி, அதை அபசகுனமாக வெறுத்துத் துரத்தியும் கொன்றும் வந்தார்கள். பின்னர், அந்த ஒரே பறவையைக் காண்பதற்காகக் கடல் கடந்து வருகிறவர்களைத் தங்கள் மரப்படகுகளில் ஏற்றிச் செல்லும் தொழில் அவர்களுக்கு வாய்த்தது. மீன் பிடிக்கப் பழகிய அதே கைகள் துடுப்பு வலிக்க, சதுப்பின் சந்துபொந்துகளை அறிந்த அதே கண்கள் பறவை நிற்கும் இடத்தைச் சுட்டிக்காட்ட, அபசகுனம் என்ற பட்சியே அவர்கள் வீட்டு அடுப்பெரிவதற்கு ஆதாரமாயிற்று. 2006ஆம் ஆண்டில் மபாம்பா, சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த நீர்நிலைகளின் ராம்சார் பட்டியலிலும் இடம் பெற்றது.

ஆப்பிரிக்கக் கானகங்களில் வழிகாட்டி இல்லாமல் பறவை பார்க்கப் புகுந்தவர் பெரும்பாலும் ஏமாந்தே திரும்புவார். மழைக்காட்டில் வெளிச்சம் குறைவு, இலைச்செறிவு அதிகம், நாழிகைக் கணக்கில் நடந்தும் ஒரு சிறகசைவைக்கூடக் காணாமல் சலிப்படையும் வேளையில், திடீரென்று தலைக்கு மேலே பல வகைச் சிறு குருவிகள் ஒரே கூட்டமாகக் கலந்து வந்து, பட்டையைக் கொத்துபவை பட்டையிலும், இலையடியில் பூச்சி தேடுபவை இலையடியிலும், பறந்து பிடிப்பவை வெளியிலுமாகச் சில நிமிஷங்கள் இரை தேடிவிட்டு, வந்த வேகத்திலேயே மறைந்துவிடும். பல கண்கள் சேர்ந்து காவல் காப்பதால் பருந்துக்குப் பயப்படாமல் மேயலாம் என்பதும், ஒன்று கிளப்பிவிடும் பூச்சி மற்றொன்றுக்கு இரையாகும் என்பதுமே இவ்விதக் கலப்புக் கூட்டங்கள் அமைவதற்குச் சொல்லப்படும் காரணங்கள். தூரத்தில் கேட்கும் ஒரு குரலைக் கொண்டே கூட்டம் எந்தத் திசையில் வருகிறது என்று நிதானித்து, வந்தவர்களை உரிய இடத்தில் முன்கூட்டியே நிறுத்தி வைப்பதுதான் வழிகாட்டியின் வித்தை. அவருக்குக் கண்ணைவிடக் காதே பிரதானம்.

மனிதர் பட்சியைக் காட்டுவது ஒருபுறமிருக்க, பட்சியே மனிதருக்கு வழிகாட்டும் விந்தையும் அக்கண்டத்தில் உண்டு. தேன்காட்டி என்று நாம் அழைக்கத்தக்க ஒரு சிறு பறவை, தேனெடுப்பவர்களை அழைத்துக் கிளைக்குக் கிளை தாவி, மரப்பொந்தில் மறைந்திருக்கும் தேன்கூட்டிடம் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. மனிதர் புகை போட்டு ஈக்களை அடக்கித் தேனை எடுத்துக்கொண்ட பின், மிஞ்சிய மெழுகும் புழுவும் அதற்குக் கூலி. மொசாம்பிக் நாட்டின் நியாசா வனத்தில் வாழும் யாவோ மக்கள் இப்பறவையை வரவழைப்பதற்கென்றே தலைமுறை தலைமுறையாக ஒரு விசேஷ ஒலியை எழுப்புகிறார்கள். அவ்வொலியை எழுப்பினால் தேன்கூடு காணும் வாய்ப்பு நூற்றுக்குப் பதினேழிலிருந்து ஐம்பத்துநான்காக உயர்கிறது என்பதை கிளேர் ஸ்பாட்டிஸ்வுட் என்ற விஞ்ஞானியும் அவருடைய சகாக்களும் 2016இல் பரிசோதித்து நிரூபித்தார்கள். சாஸ்திரம் பிற்பாடு அளந்து கண்டதை அந்த மக்கள் நெடுங்காலமாக அனுபவித்தே வந்திருக்கிறார்கள்.

ஆப்பிரிக்காவை விட்டு நம் தேசத்துக்குத் திரும்பினால், இங்கும் இவ்வுண்மைக்குச் சான்றுகள் குறைவில்லை. ஜெர்டன் என்ற ஆங்கிலேய ராணுவ வைத்தியர் 1848இல் கிழக்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் கண்டு உலகுக்கு அறிவித்த ஒரு பறவை, 1900க்குப் பிறகு எவர் கண்ணிலும் படாமல் மறைந்துபோயிற்று. இரவில் மட்டும் புதர்க்காட்டில் ஓடித் திரிகிற அந்தப் பறவை அடியோடு அழிந்துவிட்டது என்றே பண்டிதர்கள் கருதியிருந்தார்கள். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தைச் சேர்ந்த பரத் பூஷண் கடப்பை மாவட்டத்துக் கிராமங்களில் படத்தைக் காட்டி விசாரித்துத் திரிந்ததன் பலனாக, 1986ஆம் ஆண்டு ஜனவரியில் ஐதன்னா என்ற உள்ளூர் வேடர் ஒருவர் இரவில் டார்ச் விளக்கின் துணையால் அப்பறவையை உயிரோடு பிடித்துக் கொணர்ந்தார். எண்பத்தாறு ஆண்டுகள் விஞ்ஞானத்துக்கு இல்லாமற்போயிருந்த பறவை, அந்தப் புதர்க்காட்டில் நடமாடிய வேடருக்கு எட்டாமற்போய்விடவில்லை. அதன் பொருட்டே 1988இல் அங்கே ஸ்ரீலங்கமல்லேஸ்வர வனவிலங்குச் சரணாலயம் ஏற்பட்டது.

ராஜஸ்தானத்துப் பரத்பூரின் சரித்திரம் இன்னும் விசித்திரமானது. 1938ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில், வைஸ்ராய் லின்லித்கோ பிரபுவின் வேட்டைக் கோஷ்டி அங்கே ஒரே நாளில் 4,273 பறவைகளைச் சுட்டு வீழ்த்தியது. அந்தக் கணக்கைப் பெருமையாகக் கல்லிலும் பொறித்து வைத்தார்கள். பிற்காலத்தில் பட்சி சாஸ்திர அறிஞர் ஸாலிம் அலி முதலியோரின் முயற்சியால் அவ்விடம் காப்பிடமாகி, 1982இல் தேசியப் பூங்காவாகவும், 1985இல் உலகப் பாரம்பரியச் சின்னமாகவும் உயர்ந்தது. அங்கே மோட்டார் வண்டிகளுக்குப் பதிலாகப் பிரயாணிகளைச் சைக்கிள் ரிக்‌ஷாவில் ஏற்றிச் செல்லும் தொழிலாளர்களுக்குப் பறவைகளை இனங்காணும் பயிற்சி அளிக்கப்பட்டது. பள்ளிக்கூடத்தை அதிகம் காணாத அவர்களுள் பலர், நூற்றுக்கணக்கான பறவைகளின் ஆங்கிலப் பெயர்களையும் குணங்களையும் தடையின்றிச் சொல்லுகிற அளவுக்குத் தேர்ச்சி பெற்றார்கள்.

ஒடிசாவில் சிலிகா ஏரியின் வடகரையிலுள்ள மங்களாஜோடி என்ற கிராமம் ஒரு காலத்தில் பறவை வேட்டைக்குப் பேர்போனது. வலசை வரும் வாத்துகளையும் மூக்கன்களையும் பிடித்து இறைச்சிக்கு விற்பதே அங்கே பலருக்குப் பிழைப்பு. 2000ஆம் ஆண்டையொட்டி அங்கே வரும் பறவைகள் சில ஆயிரங்களாகக் குறைந்துபோன தருணத்தில், பேச்சினாலும் பொறுமையினாலும் வேட்டைக்காரர்களின் மனத்தை மாற்றி, அவர்களையே காவலர்களாகவும் படகோட்டிகளாகவும் வழிகாட்டிகளாகவும் ஆக்கினார்கள் சில நல்லெண்ணம் படைத்தவர்கள். பறவைகளின் தொகை மீண்டும் லட்சத்தைத் தாண்டியது. 2018இல் ஐக்கிய நாடுகளின் உலகச் சுற்றுலா நிறுவனம் அந்தக் கிராமத்தின் முயற்சிக்குப் பரிசளித்தது. நாகாலாந்தின் பாங்டி கிராமத்திலும் இதே கதைதான். கிழக்காசியாவிலிருந்து புறப்பட்டு, தோயாங் நீர்த்தேக்கத்தருகே தங்கி இளைப்பாறி, பின்பு அரபிக்கடலையும் கடந்து ஆப்பிரிக்காவின் தென்பகுதிக்குச் செல்லும் அமூர் வல்லூறுகளை 2012 வரையில் ஆயிரக்கணக்கில் வலையிட்டுப் பிடித்தவர்கள், மறுவருஷமே அதை அறவே நிறுத்தி, அவற்றைக் காண வருவோருக்கு விருந்தினர் இல்லங்களைத் திறந்தார்கள்.

தமிழ்நாட்டில் இத்தொழில் இன்னும் முழு உருப்பெறவில்லையாயினும், அதற்கு வேண்டிய மனோபாவம் பழமையானது. பறவை எச்சம் கலந்த ஏரிநீரால் வயல் செழிப்பதைக் கண்ட வேடந்தாங்கல் மக்கள், தங்கள் ஏரியில் யாரும் சுடலாகாது என்று 1798ஆம் ஆண்டிலேயே செங்கற்பட்டுக் கலெக்டரிடம் உத்தரவு பெற்றார்கள். திருநெல்வேலிச் சீமையின் கூந்தன்குளத்தில், வீட்டு மரங்களிலேயே நாரைகள் கூடு கட்ட இடங்கொடுத்து, தீபாவளிக்கு வெடி வெடிப்பதையும் ஊரார் விட்டொழித்தார்கள்; அங்கே வனத்துறையில் காவல் பணி புரிந்த பால்பாண்டி, கூட்டிலிருந்து விழுந்த குஞ்சுகளை எடுத்து வளர்த்தும், வந்தவர்களுக்குப் பறவைகளைப் பெயர் சொல்லிக் காட்டியும் பிரசித்தி பெற்றார்.

இனி நம் கிருஷ்ணகிரிப் பக்கத்தைப் பார்ப்போம். தென்பெண்ணையின் குறுக்கே 1950களில் எழுந்த கிருஷ்ணகிரி அணையும், அதற்குக் கீழே நெடுங்கல் அணைக்கட்டிலிருந்து நீர் பெறும் பாரூர் ஏரியும், ஓசூரருகே கெலவரப்பள்ளி அணையும் நீர்ப்பறவைகளுக்கு இடம் தருகின்றன. கூழைக்கடாவும், பாம்புத்தாராவும், நீர்க்காகமும், அரிவாள் மூக்கனும், நீலத்தாழைக்கோழியும் இப்பக்கத்து ஏரிகளுக்கு அந்நியமானவை அல்ல. ஐப்பசிக்குப் பிறகு உள்ளான்களும் வாலாட்டிகளும் வந்து சேருகின்றன. மாந்தோப்புகளுக்குள் புகுந்தால் மாம்பழச்சிட்டின் நீண்ட சீழ்க்கையும், குளிர்காலத்தில் மாங்குயிலின் மஞ்சள் மின்னலும் கிடைக்கும். பாறைக் குன்றுகளின் புதர்ச்சரிவுகளில், தென்னிந்தியாவைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாததும், அழியும் அபாயத்துக்கு உள்ளானவற்றுள் ஒன்றாகக் கணிக்கப்படுவதுமான மஞ்சள் தொண்டைச் சின்னான் வாழ்கிறது. ஆப்பிரிக்கா சென்று அபூர்வப் பட்சிகளைப் படமெடுத்து வரும் நம்மவருள் எத்தனை பேர், தம் மாவட்டத்துப் பாறைகளிலேயே வாழும் இச்சிறு பறவையைக் கண்டிருப்பார்கள்?

மேற்கே தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, ஜவளகிரி என்று விரியும் மேலகிரிக் காடுகள் வேறோர் உலகம். 2014இல் காவேரி வடக்கு வனவிலங்குச் சரணாலயமும், 2022இல் காவேரி தெற்கு வனவிலங்குச் சரணாலயமும் இப்பகுதியில் அமைக்கப்பட்டன; முன்னது 504, பின்னது 686 சதுர கிலோமீட்டர் பரப்புடையவை. மலைக்காட்டில் துடுப்புவால் கரிச்சானைத் தொடர்ந்து கலப்புக் கூட்டங்கள் திரிவதையும், காவிரிக் கரையின் மருதமரங்களில் மீன்பிடிக் கழுகு அமர்ந்திருப்பதையும் இங்கே காணலாம். பெங்களூரில் வாழ்ந்து இக்காடுகளில் வேட்டையாடிய எழுத்தாளர் கென்னத் ஆண்டர்சனின் நூல்களைப் படித்தவர்கள், அவருக்குக் காட்டைக் கற்பித்த பைரன் என்ற பூஜாரியை மறந்திருக்கமாட்டார்கள். துப்பாக்கி துரையினுடையதாயினும், தடம் கண்டதும் ஒலி அறிந்ததும் பைரனே. அவ்விதமானவர்களின் சந்ததியார் இன்றும் இம்மலையோரங்களில் இருக்கிறார்கள்.

பறவை பார்க்கும் நடை ஒன்றை முறையாக நடத்துவதற்கு அதிக மூலதனம் தேவையில்லை. எட்டு மடங்கு பெரிதாக்கிக் காட்டும் ஒரு பைனாகுலரும், தமிழில் க. ரத்னம் எழுதிய பறவை நூலைப் போன்ற ஒரு கைநூலும், ஒரு குறிப்பேடும் இருந்தால் போதும். சூரியோதயத்தோடு தொடங்கி, வெயில் ஏறுமுன் முடித்துவிட வேண்டும். ஏனெனில் பட்சிகள் இரை தேடுவதும் பாடுவதும் பெரும்பாலும் அந்த இரண்டு மூன்று மணி நேரத்தில்தான். ஒரு வழிகாட்டிக்குப் பின்னால் ஏழெட்டுப் பேருக்கு மேல் நடந்தால் பாதிப் பறவைகள் பறந்துபோகும்; பளிச்சென்ற நிறத்து ஆடையும் உரத்த பேச்சும் மீதிப் பாதியை விரட்டிவிடும். கண்டவற்றை இ-பேர்ட் என்ற உலகப் பொதுப் பதிவேட்டில் கைப்பேசி மூலமே ஏற்றலாம். தமிழ்நாட்டில் 2015 முதல் பொங்கலையொட்டி ஆர்வலர்கள் நடத்திவரும் பறவைக் கணக்கெடுப்பில், கால்மணி நேரம் நின்று எண்ணுபவர்கூடப் பங்கு கொள்ள முடியும்.

நல்ல வழிகாட்டியை அவர் காட்டும் பறவைகளின் தொகையால் மட்டும் அளப்பது தகாது. எதைக் காட்டாமல் விடுகிறார் என்பதையும் கவனிக்க வேண்டும். கூட்டில் குஞ்சிருக்கும்போது அருகே அழைத்துப் போகமாட்டார். கைப்பேசியில் பதிந்த குரலை ஒலிக்கச் செய்து, பகைவன் வந்துவிட்டதாக ஆண் பறவையை ஏமாற்றி வெளியே இழுக்கும் சுலப வழியைக் கையாளமாட்டார். ஆந்தை பகலில் உறங்கும் பாறையைப் படம் எடுப்போர் கூட்டத்துக்கு அறிவிக்கமாட்டார். ஆப்பிரிக்காவாயினும் அஞ்செட்டியாயினும், படமெடுக்கும் ஆவல் மிகுந்தவர்களின் பணம் இந்தக் கட்டுப்பாட்டைக் கரைத்துவிட முயல்வது இயல்பே. வழிகாட்டிகள் தனித்தனியாக இல்லாமல் ஒரு சங்கமாகக் கூடி விதி வகுத்துக்கொண்டால் அந்தச் சபலத்தை எதிர்த்து நிற்கலாம்.

ஓசூரிலிருந்து பெங்களூர் ஏறக்குறைய நாற்பது கிலோமீட்டர் தூரம். ஞாயிற்றுக்கிழமை தோறும் பறவை தேடி ஊர் ஊராகச் செல்லும் படித்த நகரவாசிகள் அங்கே நிறைய உண்டு. ஓசூர்த் தொழிற்பேட்டைகளிலும் போச்சம்பள்ளிச் சிப்காட்டிலும் வேலை செய்யும் இளைஞர்களிடையிலும் இந்த ஆசை வளர்ந்துவருகிறது. சரணாலயக் காடுகளுக்குள் செல்ல வனத்துறையின் அனுமதி அவசியம். ஏரிக்கரைக்கும் தோப்புக்கும் உரியவர்களின் சம்மதம் போதும். ஆகையால் பாரூர் ஏரி போன்ற ஓரிடத்தில் தொடங்குவதே யுக்தமானது. அங்கே மீன் பிடிப்பவர்களிலும் ஆடு மேய்க்கும் பெண்களிலும் ஆர்வமுள்ள நாலைந்து பேருக்கு ஒரு பருவம் பயிற்சி அளித்து, அவர்கள் ஏற்கெனவே அறிந்த மடையானுக்கும் செம்போத்துக்கும் பனங்காடைக்கும் பதிவேட்டில் வழங்கும் ஆங்கிலப் பெயர்களைக் கற்பித்து, ஒரு காலை நடைக்கு இவ்வளவு என்று கூலி நிர்ணயித்து, அக்கூலி இடைத்தரகரிடம் போகாமல் அவர்கள் கையிலேயே சேரும்படி ஊராட்சியும் வனத்துறையும் ஏற்பாடு செய்தால், மங்களாஜோடிக்கு நிகரான ஒரு முயற்சிக்கு வித்திட்டதாகும்.

இதனால் இம்மாவட்டத்துத் தரித்திரம் தீர்ந்துவிடும் என்று யாரும் சொல்லமாட்டார்கள். பருவம் நாலு மாதமே; வருமானம் துணை வருமானமே. ஆயினும் அதற்குள் வேறொரு லாபம் அடங்கியிருக்கிறது. மேலே பெங்களூரின் கழிவுகளைச் சுமந்து வரும் தென்பெண்ணை, கெலவரப்பள்ளி அணையில் நுரை பொங்கி நின்ற காட்சியைப் பத்திரிகைகள் பலமுறை வெளியிட்டிருக்கின்றன. பார்த்தவர்கள் வருந்தியதோடு சரி. மாம்பூக் காலத்தில் மருந்து தெளிப்பது மிகுந்து, குருவிகள் குறைவதைத் தோப்புக்காரரே கவனிப்பதில்லை. ஏரியின் நீர் கெட்டதென்றும், கரையின் கோரை வெட்டப்பட்டதென்றும், சென்ற ஆண்டு வந்த வாத்து இவ்வாண்டு வரவில்லையென்றும் தேதியோடும் எண்ணிக்கையோடும் சொல்லக்கூடிய ஒருவர் ஒவ்வோர் ஊரிலும் இருப்பது, எந்தச் சட்டத்தைக் காட்டிலும் வலிமை வாய்ந்த காவல். பறவை காட்டிக் கூலி பெறுபவரே அப்படிப்பட்டவராக இருக்க முடியும். ஏரி கெட்டால் முதலில் நஷ்டமடைபவர் அவர்; ஆகையால் முதலில் எழுந்து கேள்வி கேட்பவரும் அவராகவே இருப்பார்.